சங்கிலி பிடித்தவர்

எல்டர்விக், இங்கிலாந்து
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காயத்ரி எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அவரும் பதிவு அலுவலகத்திலிருந்து மாலையோடு வந்து, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் நிற்கிற இடத்தில் உங்கள் முன்னால் நின்றோம். "இனிமே உங்கூடப் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். பேச மாட்டேன் என்றுதான் சொன்னீர்கள், படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் போன் செய்யும்போதெல்லாம் அதை அண்ணியிடம் நீட்டிவிட்டு நீங்கள் வாசலுக்குப் போகும் செருப்புச் சத்தத்தைக் கேட்டே இத்தனை வருஷம் போய்விட்டது. கடிதம் எழுதலாம் என்ற இந்தச் சந்து இருப்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது.

நாங்கள் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அண்ணி சுகமா?

உங்களிடம் ஒரு தொழில் சந்தேகம். நாங்கள் இருக்கும் ஊர் மிகச் சின்னது. முந்நூறு பேர் இருந்தால் அதிகம். ஒரு சர்ச், ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். சர்ச் கோபுரத்துக்கு எழுநூறு வயதுக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளி மேடும் பள்ளமுமாக வரிவரியாக இருக்கும். அந்தக் காலத்தில் ஏர் ஓட்டிய தடமாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுத்து உழுதிருக்கிறார்கள். இப்போது ஆடு மேய்கிறது, ஆனால் வரி அழியவில்லை.

1302ஆம் வருஷம் இந்த ஊருக்கு எல்லை குறித்து ஆட்டுத்தோலில் எழுதிவைத்த ஓலை இருக்கிறது. லத்தீனில் இருந்ததை டோரத்தி என்ற அம்மாள் ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார். பதினான்கு எல்லைக்கற்கள். வருஷா வருஷம் மே மாதத்தில் ஊரே கூடி எல்லையைச் சுற்றி நடந்து, வில்லோ மரக் குச்சியால் ஒவ்வொரு கல்லையும் அடிக்கும். பட்டா, படம் எதுவும் இல்லாத காலத்தில் எல்லை மறந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இதில் ஒன்பதாம் கல்லை மட்டும் காணவில்லை. அதைக் கண்டுபிடித்து, எல்லைக்கு ஒரு படமும் போட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்கள் அண்ணன் சர்வேயர்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

எனக்கு வேண்டியது கல் மட்டும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் கல்லைப் பற்றியே எழுதுங்கள், போதும்.

உங்கள் தங்கை,
காயத்ரி


மஞ்சக்குப்பம், கடலூர்
18.3.2025

பொருள்: எல்டர்விக் கிராமம் – காணாமற்போன ஒன்பதாம் எல்லைக்கல் – தொடர்பாக.
பார்வை: தங்களின் 9.2.2025 நாளிட்ட கடிதம்.

பார்வையில் காணும் கடிதம் கிடைக்கப்பெற்றது. மூட்டு குறித்த விசாரணைக்கு: வலி உண்டு, நடமாட்டமும் உண்டு.

எல்லைக்கல் தானாக நடக்காது. அதை நகர்த்தியவர் ஒருவர் இருப்பார், தூரமாகவும் கொண்டுபோயிருக்க மாட்டார். கல் கனம். என் அனுபவத்தில் காணாமற்போன கற்களில் பாதி துணி துவைக்கும் கல்லாகவும் மீதி வாசற்படியாகவும் கிடைத்திருக்கின்றன. ஆகவே முதலில் ஓலையில் ஒன்பதாம் கல்லுக்கு உரிய சக்குபந்தி, அதாவது நான்கு பக்கமும் எது எது உள்ளது என்ற விவரம், வார்த்தை மாறாமல் அனுப்பிவைக்கவும். எட்டாம் கல்லும் பத்தாம் கல்லும் இடத்தில் உள்ளனவா என்பதையும் தெரிவிக்கவும்.

1302 என்றால் இங்கே பாண்டியர் காலம். சிதம்பரம் கோயில் சுவரிலும் இப்படி எல்லை சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. தகவலுக்காக.

ஆ. சுப்பராயலு
நில அளவர்

காயத்ரி, அண்ணி எழுதுறேன். ஒன் லெட்டர் வந்து நாலு வாரம் ஆவுது. ஆபீஸ் பையில வச்சிக்கிட்டு தெனம் சிதம்பரத்துக்கும் கடலூருக்குமா தூக்கிட்டுப் போயிட்டு வந்தாரு. இப்ப பதில எழுதி, கவர ஒட்டாம மேச மேல வச்சிட்டு குளிக்கப் போயிருக்காரு. நான் எழுதணும்னுதான் ஒட்டாம போனாருன்னு நெனைக்கிறேன். ஒடம்பப் பாத்துக்க. இசைவாணி.


எல்டர்விக்
6.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

'தங்களின்' என்று எனக்கு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, சமையல்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். இங்கே ஒரு குறையும் இல்லை. குளிர் விட்டுவிட்டது.

நீங்கள் கேட்டது இது. டோரத்தி அம்மாள் எழுதிக் கொடுத்ததை அப்படியே தமிழாக்கியிருக்கிறேன்: "எட்டாம் கல்லிலிருந்து சாமியார் நிலத்தின் வேலியை வலக்கைப் பக்கம் விட்டு இருபத்து நான்கு கோல் போனால் ஒன்பதாம் கல். அதற்கு வடக்கே ஊர் மாடு மேயும் வெளி, கிழக்கே கருவாய்க்கால். அங்கிருந்து வாய்க்காலோடு பதினெட்டுக் கோல் போனால் பத்தாம் கல்." படிக்கும்போது நீங்கள் ராகம் போட்டுப் படிக்கும் பழைய பத்திரம் மாதிரியே இருந்தது. இங்கேயும் கோல்தான், பார்த்தீர்களா? இவர்கள் கோல் பதினாறரை அடி.

எட்டும் பத்தும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. நடுவில் வேலியும் மரமுமாக இருக்கிறது. கருவாய்க்கால் எந்தக் காலத்திலோ தூர்ந்துபோய்விட்டது. அந்தப் பக்கம் பழைய பவுண்டு ஒன்று இருக்கிறது. ஊரில் திரிகிற மாட்டைப் பிடித்து அடைக்கும் கல்சுவர்ப் பட்டி. இப்போது மாட்டுக்குப் பதில் முட்செடி அடைபட்டிருக்கிறது.

மே இருபத்தைந்தாம் தேதி ஊர் நடை. அன்றைக்கு என்னவெல்லாம் அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. மேசை மேல் வைத்துவிட்டு நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிக்கலாம்.

காயத்ரி


மஞ்சக்குப்பம்
27.4.2025

பொருள்: ஒன்பதாம் எல்லைக்கல் – அளவீடு – அறிவுரைகள்.
பார்வை: உன் 6.4.2025 நாளிட்ட கடிதம்.

சக்குபந்தி தெளிவாக உள்ளது. எழுதியவர் வேலை தெரிந்தவர். சாமியார் நிலம் என்பது சர்ச் மானியமாக இருக்க வேண்டும். மாடு மேயும் வெளியை இங்கே மந்தைவெளிப் புறம்போக்கு என்போம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பார்த்தே இராத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி நிலத்தைப் பிரித்திருப்பது ஆச்சரியம்தான்.

எட்டாம் கல்லிலிருந்து பத்தாம் கல்லுக்கு நேர்கோட்டு அளவு வேண்டும். அது கிடைத்தால் மீதியை இங்கே காகிதத்தில் நான் கணக்கிட்டுக்கொள்வேன். நூறு அடி டேப் போதும். டேப்பைத் தொய்யவிடாதே. கூடவே நடையளவும் எழுது, டேப் தப்பினால் நடை காட்டிக்கொடுக்கும். பத்து வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வந்து டேப் பிடிக்கும்போது நூறு அடிக்கு நாற்பத்தெட்டு நடை வைப்பாய். இப்போது எத்தனை என்று முதலில் பார்த்துக்கொள்.

சாப்பாட்டு வேளையில் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி. மூட்டு அப்படியே உள்ளது.

சுப்பராயலு

'தங்கள்' போயி 'உன்' வந்துருக்கு பாத்தியா? 'நில அளவர்'னு கையெழுத்துக்குக் கீழ போட்டு, அப்பறம் அவரே வெள்ளை மை வச்சி அழிச்சாரு. – அண்ணி


எல்டர்விக்
27.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் மூட்டுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்க வேண்டுமாம்.

முந்தாநாள் ஊர் நடை முடிந்தது. நாற்பது பேர், பதினொரு நாய்கள். அளவு சொல்லும் முன் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கல்லில் என் கால் தெரியாமல் இடித்துவிட்டது. நம் ஊர்ப் பழக்கம், யோசிக்காமல் குனிந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்த பெண்மணி அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து அவளும் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அவளைப் பார்த்து அடுத்தவர். மூன்றாம் கல்லுக்கு வருவதற்குள் நாற்பது பேரும் குச்சியால் அடித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். பதினான்காம் கல்லில் டோரத்தி அம்மாள் என்னிடம் வந்து, இது எந்த நூற்றாண்டு வழக்கம் என்று குறிப்பேட்டைத் திறந்துகொண்டு கேட்டார். "இன்று காலை வழக்கம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அளவுகள்: நூறு அடிக்கு என் நடை சரியாக நாற்பது. எட்டிலிருந்து பத்துக்கு டேப்பில் 640 அடி, நடையில் 256. நான் ஒரு முனையில் நின்றேன், மறுமுனையை இன்னொருவர் பிடித்தார். டேப் தொய்யவில்லை.

காயத்ரி


மஞ்சக்குப்பம்
16.6.2025

பொருள்: ஒன்பதாம் எல்லைக்கல் – அளவீட்டில் குறைபாடு.
பார்வை: உன் 27.5.2025 நாளிட்ட கடிதம்.

தைலம் வந்தது. எரிகிறது. ஆகவே வேலை செய்கிறது என்று கொள்கிறேன்.

640க்கு 256 நடை சரியாக ஒத்துப்போகிறது. நல்ல வேலை. கல்லைத் தொட்டுக் கும்பிடுவது துறை நடைமுறையில் இல்லை, ஆனாலும் அதில் தப்பில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். யாரும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் பார்த்துக்கொள். பெண்ணாடம் பக்கம் கரும்புக் கொல்லையில் நான் நட்ட சர்வே கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி, ஆடியில் கூழ் ஊற்றிவிட்டார்கள். மறு அளவைக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்கள்.

இப்போது குறைபாடு. ஒன்று, எந்தக் கோட்டையும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று இரண்டு தடவை அளக்க வேண்டும். நீ ஒரு தடவைதான் அளந்திருக்கிறாய். வேறு நாளில் திரும்ப அள. நடையளவும் சேர்த்து.

இரண்டு, அளவுக் குறிப்பில் அளந்தவர் பெயரும் சங்கிலி பிடித்தவர் பெயரும் இருக்க வேண்டும். டேப் வந்து எத்தனை காலம் ஆனாலும் மறுமுனையில் நிற்பவருக்கு எங்களிடம் அதுதான் பேர். அவர் ஒரு சாண் தள்ளி நின்றால் நம் அளவு மொத்தமும் பொய். அவரை நம்பித்தான் எண்ணை எழுதுகிறோம். அதனால் பெயர் இல்லாத அளவை நான் படத்தில் ஏற்ற முடியாது. 'இன்னொருவர்' என்று எழுதியிருக்கிறாய். இன்னொருவர் என்று யாருக்கும் பெயர் இல்லை.

சுப்பராயலு

காயத்ரி, அவருக்கு அந்தப் பேரு தெரியாதா? பதினோரு வருஷமா இந்த வீட்டுல யாரும் சொல்லாத ஒரே பேரு அதான். கடைசி வரிய எழுதிட்டு, பேனாவ மூடறதும் தொறக்கறதுமா அரை மணி நேரம் ஒக்காந்திருந்தாரு. சீக்கிரம் எழுது. – அண்ணி


எல்டர்விக்
3.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உடம்பு கொஞ்சம் முடியாமல் இருந்தது, இப்போது தேவலை. பள்ளிக்கூடமும் விடுமுறை. அங்கே வெயில் குறைந்ததா?

சங்கிலி பிடித்தவர் பெயர் அஷ்பாக். தகப்பனார் பெயர் நூர்முகம்மது. சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. தொழில், பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பத்திரத்தில் எழுதுவது போலவே எழுதிவிட்டேன், விட்டுப்போனது இருந்தால் கேளுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'அவரை நம்பித்தான் எண்ணை எழுதுகிறோம்' என்ற இடம் வந்ததும், "மச்சான் அப்படியா எழுதியிருக்காரு? இன்னொரு தடவ படி" என்றார். உங்களைப் பற்றிப் பேசும்போது மச்சான் என்றுதான் சொல்வார். உங்கள் முன்னால் ஒரு தடவைகூடச் சொல்லக் கிடைக்காத வார்த்தை, வீட்டில் தினமும் சொல்லிப் பழகிவிட்டது. உங்கள் மூட்டுக்குத் தைலத்தை விட ஒரு பயிற்சி நல்லது என்று படம் வரைந்து வைத்திருக்கிறார். அனுப்ப எனக்குத்தான் பயம்.

இரண்டாம் தடவை அளந்துவிட்டோம். டேப்பில் 640 அடி, மாற்றமில்லை. நடை 296. மெதுவாகத்தான் நடந்தேன், அவசரம் ஒன்றும் இல்லையே.

காயத்ரி


மஞ்சக்குப்பம்
25.8.2025

பொருள்: ஒன்பதாம் எல்லைக்கல் – இடம் கணக்கிடப்பட்டது. நடையளவில் வேறுபாடு – விளக்கம் கோருதல்.
பார்வை: உன் 3.8.2025 நாளிட்ட கடிதம்.

கல் இருந்திருக்க வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. எட்டாம் கல்லிலிருந்து பத்தாம் கல்லை நோக்கி 373½ அடி போ. அங்கிருந்து செங்குத்தாக, வாய்க்கால் இருந்த பக்கம் 131 அடி. அந்தப் புள்ளியைச் சுற்றி ஐம்பது அடிக்குள் உள்ள ஒவ்வொரு கல்லையும் பார்க்கவும். சுவரில் இருந்தாலும் பார்க்கவும்.

இனி இரண்டாவது விஷயம். மே மாதம் 640 அடிக்கு 256 நடை. ஆகஸ்டில் அதே 640 அடிக்கு 296. உன் நடை ஒவ்வொன்றும் நான்கு அங்குலம் குறுகியிருக்கிறது. மெதுவாக நடந்தால் நேரம்தான் கூடும், இவ்வளவு குறுகாது. டேப் தப்பவில்லை, ஆகவே நடைக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. உடம்பு முடியவில்லை என்று ஒரு வரி எழுதி அடுத்த வரியிலேயே வெயிலைப் பற்றிக் கேட்டுவிட்டாய். என்ன உடம்பு என்று எழுதவில்லை.

இதற்கு உரிய விளக்கத்தை உடனே அனுப்பவும். எனக்கு இரண்டு நாளாக வேலை ஓடவில்லை.

மேற்படி பயிற்சிப் படத்தையும் அனுப்பவும்.

அண்ணன்

எத்தன மாசம்டி? அவரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி இந்தக் கணக்கச் சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிபோச்சு. நான் சொன்னத அவரு நம்பல, நோயா இருந்தா என்ன பண்றதுன்னு பயந்து கெடக்குறாரு. போன்ல கேட்டா மழுப்பிடுவ. எழுத்துல எழுது. – அண்ணி


எல்டர்விக்
14.9.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நோய் இல்லை, பயப்படாதீர்கள். அண்ணி சொன்னதுதான். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. டிசம்பர் நடுவில் என்று சொல்லியிருக்கிறார்கள். இருவரும் சுகமாக இருக்கிறோம். நானும் உள்ளே இருப்பதும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இதற்கு முன் இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. அப்போது அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நீங்கள் ஒரு வார்த்தை விசாரிப்பீர்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். விசாரிக்காவிட்டால் அந்த வலியையும் சேர்த்துத் தாங்க வேண்டும். என்னால் ஒன்றைத்தான் தாங்க முடிந்தது. இந்தத் தடவையும் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் மறைத்ததை என் கால் உங்களுக்கு எழுதிக் காட்டிவிட்டது. நான் எத்தனை நடை வைத்தேன் என்று பார்த்துக் கவலைப்படுகிற ஆள் எனக்கு இருக்கிறார் என்று தெரிந்ததே போதும் அண்ணா. முப்பத்தெட்டு வயதில் சின்னப் பெண்ணைப் போல அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது கல். நீங்கள் சொன்ன 373½ அடியில் குச்சி நட்டு, செங்குத்தாக 131 அடி போனோம். வேலியைத் தாண்ட இங்கே மரப்படி வைத்திருப்பார்கள். நான் ஏறவில்லை, அவர்தான் ஏறிப் போனார். புள்ளி தூர்ந்த வாய்க்கால் கரையில் விழுந்தது. அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. சுற்றி ஐம்பது அடியில் இருப்பது அந்தப் பழைய பவுண்டு மட்டும்தான். எனக்கு மூச்சு வாங்கியது என்று அவர் பட்டியின் வாசலில் என்னை உட்காரவைத்துவிட்டு, வாசல் தூணில் கையை வைத்தபடி நின்றார். நாள் முழுக்க மனிதர்களின் முதுகெலும்பைத் தடவிப் பார்க்கிற கை அது. பாசியை விரலால் சுரண்டினார். அடியில் ஒரு சிலுவைக் கோடு. மற்றப் பதின்மூன்று கல்லிலும் இருக்கும் அதே சிலுவை, ஆனால் தலைகீழாக இருந்தது.

பட்டி கட்டியவன் எவனோ பக்கத்தில் இருந்த கல்லைப் பிடுங்கி வாசல் தூணாக நட்டிருக்கிறான். நீங்கள் சொன்ன புள்ளியிலிருந்து முப்பத்திரண்டே அடி. டோரத்தி அம்மாளைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் குனிந்து, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த மே மாதம் கல்லை அதன் இடத்தில் நடப்போகிறார்கள். அதற்குள் படம் வந்தால் சர்ச்சில் மாட்டுவார்களாம்.

பயிற்சிப் படம் இத்துடன். காலையிலும் மாலையிலும் பத்துப் பத்துத் தடவை செய்யச் சொன்னார்.

காயத்ரி


மஞ்சக்குப்பம்
8.10.2025

அன்புள்ள காயத்ரிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்த அன்று அண்ணி படித்துச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டேன். பிறகு கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மஞ்சக்குப்பம் மைதானத்தில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை நீ அழுதிருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை. தெரியாதபடி நான்தான் கதவைச் சாத்திவைத்திருந்தேன். அதை நினைத்தால் தாங்கவில்லை.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கோபம் இரண்டு. நீ என்னிடம் சொல்லாமல் செய்துவிட்டாயே என்பது ஒன்று. இத்தனை வருஷமும் எல்லாரிடமும் அதை மட்டும்தான் சொல்லி வந்தேன். இன்னொன்று அந்தப் பெயரைப் பற்றியது. அது எனக்குள் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். நீ படியில் ஏறக் கூடாது என்று தான் ஏறிப் போன ஆளின் பெயரைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

படம் இத்துடன் உள்ளது. பதினான்கு கல்லும், சர்ச் மானியமும், மந்தைவெளியும், பவுண்டும் குறித்திருக்கிறேன். கீழே வலது மூலையில் பெயர்கள்: அளந்தவர், காயத்ரி. சங்கிலி பிடித்தவர், நூ. அஷ்பாக். ஒன்பதாம் கல்லைக் கண்டெடுத்தவர், மேற்படியார். வரைந்தவர், ஆ. சுப்பராயலு. பெயரை மையில் எழுதும் முன் பென்சிலில் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்திருக்கிறது, பார்.

மே மாதம் நான் வராமல் கல்லை நட வேண்டாம். சிலுவையை நேராக நிறுத்த வேண்டும். ஆள் இல்லாவிட்டால் மறுபடி தலைகீழாக நட்டுவிடுவார்கள். பயிற்சி செய்கிறேன். படி ஏறுகிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊரில் காலை பத்து மணிக்கு நானே போன் செய்வேன். நீ எடுக்காதே, மாப்பிள்ளையை எடுக்கச் சொல். எட்டாம் கல்லுக்கும் பத்தாம் கல்லுக்கும் நடுவில் அரை அடி இடிக்கிறது, அதைச் சங்கிலி பிடித்தவரிடம்தான் கேட்க வேண்டும். உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். அவரோடு பேச மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பேசி முடித்ததும் அவர் போனை உன் கையில் கொடுத்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

உன் அண்ணன்,
சுப்பராயலு

காயத்ரி, வளகாப்புக்குக் கண்ணாடி வளையல் தனிப் பார்சல்ல வருது. ரெண்டு கையிலயும் நெறைய போட்டுக்க, மாப்பிள்ளயவே போட்டுவிடச் சொல்லு. இன்னொண்ணு. அரை அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு, நாலு வாட்டி கூட்டிப் பாத்தாரு. ஞாயித்துக்கெழம அவரு கேக்கும்போது, "ஆமா மச்சான், எம்மேலதான் தப்பு, டேப்ப கொஞ்சம் தொய்ய விட்டுட்டேன்"னு மாப்பிள்ளய ஒத்துக்கச் சொல்லு. – அண்ணி